எட்டு வளையம், ஒரு கை

எட்டுப் பேருக்கு ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் இதயம் துடிக்குமா? எங்கள் பல்கலைக்கழகத்தில் துடித்தது. ஞாயிறுதோறும் மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை, தவறாமல் துடித்தது. இருபத்தெட்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட அப்படித் துடித்து நான் பார்த்ததில்லை.

என் பெயர் சகாயமேரி. வளாகத்து நல மையத்தில் ஞாயிறு டியூட்டி எப்போதும் என் தலையில்தான் விடியும். மற்ற நர்சுகளுக்கு வீட்டில் விசேஷம் இருக்கும், விருந்தாளி வருவார்கள். எனக்கென்ன, காலைப் பூசை முடிந்தால் போக்கிடம் கிடையாது. ஒரு திரை, ஒரு மின்விசிறி, எதிரே ஒரு காலி பெஞ்சு. திரையில் ஆறாயிரம் பேரின் நாடித்துடிப்பும், அவரவர் இருக்கும் இடத்தைக் காட்டும் விளக்கும் ஓடிக்கொண்டே இருக்கும்.

வளையத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சேருகிற அன்றைக்கே மாணவர், ஊழியர் என்று பார்க்காமல் எல்லோர் கையிலும் ஒன்றை மாட்டிவிடுவார்கள். வியர்வையைச் சோதிக்கிற சாமான் அது. சாராயமோ கஞ்சாவோ போதை மாத்திரையோ, உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு சிவப்பாகிவிடும். முதல் சிவப்புக்கு அப்பா அம்மாவுக்குத் தகவல் போகும். இரண்டாவதுக்கு ஒரு செமஸ்டர் வெளியே. மூன்றாவதுக்கு டிசி. வளையம் தோலைவிட்டு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிரிந்தாலும் சிவப்புதான். அடுத்தவர் வளையத்தை மாட்டிக்கொண்டோ, தன்னுடையதை மாட்டக் கொடுத்தோ பிடிபட்டால், முதல் தடவையே டிசி.

இதையெல்லாம் கொண்டுவந்தவர் ஒழுங்குத் துறை டீன் சுந்தரவடிவேல். கெட்ட மனுஷர் இல்லை. வளையம் வருவதற்கு முந்தைய வருடம் ஒரு பையன் விடுதியில் அளவில்லாமல் குடித்துச் செத்துப்போனான். பிணவறை வாசலில் அவன் அப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர் டீன்தான். அதன் பிறகு பிடித்த வெறி இது. மூன்று வருடமாக நல மையத்துக்கு ஒரு குடி கேஸ்கூட வரவில்லை என்று மேடைக்கு மேடை சொல்வார். வரவில்லைதான். குடிக்கவில்லை என்று யார் சொன்னது?

எட்டு நாடியும் ஒன்றாகத் துடிப்பதை முதலில் பார்த்தபோது இயந்திரக் கோளாறு என்றுதான் நினைத்தேன். வளையக் கம்பெனியிலிருந்து மாதாமாதம் வரும் பெண்ணிடம் பொதுவாக விசாரிப்பதுபோலக் கேட்டேன். அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

“யாரு கைன்னு அதுக்குத் தெரியாது சிஸ்டர். கை இருக்கான்னு மட்டுந்தான் தெரியும்.”

அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது. ஏழு பேர் குடிக்கப் போகிறார்கள். குடிக்காத ஒருத்தி ஏழு பேருடைய வளையத்தையும் சேர்த்து மாட்டிக்கொண்டு வாசிப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறாள். பெயர்களைப் பார்த்ததும் அந்த ஒருத்தி யார் என்பதும் தெரிந்துவிட்டது. செண்பகவல்லி, மூன்றாம் வருடம். முதல் வருடம் நான் கொடுத்த கிறிஸ்துமஸ் கேக்கில் ரம்மில் ஊறிய திராட்சை இருந்ததால், ஒரே ஒரு துண்டுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போய் என்னிடமே ஊசி போட வந்தவள். குடி என்பது அவளுக்கு ஜென்மத்துக்கும் ஆகாது. விடுதியில் அதனாலேயே அவளுக்கு ஏக கிராக்கி.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ‘ஒத்த துடிப்பு: எட்டு பேர்’ என்று திரையில் எச்சரிக்கை வரும். கீழே ‘தள்ளுபடி செய்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கிவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொள்வேன். ஏன் அமுக்கினேன் என்று பின்னால் விசாரணையில் கேட்டார்கள். வளையம் வந்த முதல் வருடம், விதிப்படி, சிவப்பு விழுந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதி அனுப்பினேன். அவள் அப்பா அன்றைக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். அடுத்த தை மாதம் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகையை எனக்கும் அனுப்பியிருந்தாள். மாப்பிள்ளைக்கு அவளைவிடப் பதினாறு வயது அதிகம். அதற்குப் பிறகு எழுதி அனுப்ப எனக்குக் கை வரவில்லை. பார்த்தும் பார்க்காமல் இருப்பதுதான் நான் அவர்களுக்குச் செய்கிற உபகாரம் என்று நினைத்தேன். கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்று. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மூன்று மணி வாக்கில் திரையைப் பார்க்கிறேன், எட்டு நாடியும் தொண்ணூற்றாறு. சரி, ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் நூற்றுப் பதினொன்று. பிறகு நூற்று இருபத்தாறு. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பெண்ணுக்கு நாடி இப்படி ஏறினால் அது படிப்பு இல்லை, பயம். ஆக்சிஜன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசிப்பு அறைக்கு ஓடினேன். ஐம்பத்து மூன்று வயதில் ஓட்டமென்ன ஓட்டம், இழுத்துக்கொண்டு போனேன்.

செண்பகம் கடைசி மேசையில், முழுக்கைச் சுடிதாருக்குள் கைக்கு நாலாக வளையங்களை ஒளித்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. ஒன்றுமில்லை என்றாள். தலைவலி என்றாள். எல்லாம் எனக்குத் தெரியும், யாருக்கு என்ன ஆச்சு என்று மட்டும் சொல் என்று கேட்டதும் உடைந்துபோய் அழுதாள்.

குடிக்கப் போன ஏழு பேரில் கார்குழலி எழுந்திருக்கவில்லையாம். பெண்கள் விடுதிக்குப் பின்னால் இருக்கிற பழைய ஜெனரேட்டர் அறையில் கிடக்கிறாளாம். கண் சொருகி அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அரை மணி நேரமாக என்ன செய்தீர்கள் என்று அதட்டினேன்.

“வளையத்தக் கொண்டாந்து அவ கையில மாட்டினாத்தான் ஆம்புலன்ச கூப்பிட முடியும்னு சொல்றாங்க சிஸ்டர். நான் எந்திரிச்சுப் போனா எட்டு வெளக்கும் ஒண்ணா நகரும். அதான், என்ன செய்யறதுன்னு தெரியாம பேசிட்டே இருக்கோம்.”

பேசிக்கொண்டே இருந்தார்களாம். ஒருத்தி அங்கே மூச்சுக்குத் தவிக்கிறாள், இவர்கள் எந்த விளக்கு எப்படி நகரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஓங்கி ஒன்று வைக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. செண்பகம் இடது கையிலிருந்து ஒரு வளையத்தைக் கழற்றி நீட்டினாள். இது அவளோடது, எடுத்துட்டுப் போங்க சிஸ்டர் என்றாள்.

இந்த இடத்தில்தான் நான் கெட்டேன். அந்த வளையத்தை வாங்கியிருக்க வேண்டும். கார்குழலியின் பெயருக்கு நேரே ஏற்கெனவே இரண்டு சிவப்பு இருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. கல்யாணப் பத்திரிகையும் நினைவுக்கு வந்தது. மறுபடி மாட்டிக்கொள், அசையாமல் இங்கேயே உட்கார், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஜெனரேட்டர் அறையில் ஆறு பெண்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கார்குழலி மல்லாந்து கிடந்தாள். வாயோரம், கழுத்து, துப்பட்டா எல்லாம் மோர். போதை இறங்கட்டும் என்று நினைவில்லாதவள் வாயில் மோரை ஊற்றியிருக்கிறார்கள். பாதி உள்ளே போய் மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கும். நல்லவேளை, அடுத்து ஊற்ற வைத்திருந்த எலுமிச்சைச் சாறு இன்னும் டம்ளரிலேயே இருந்தது. அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைத் துடைத்து, ஆக்சிஜன் வைத்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. நிமிடத்துக்கு ஆறு மூச்சுதான் வந்தது.

என்ன குடித்தீர்கள் என்றதற்கு, லேபிலிருந்து எடுத்த ஸ்பிரிட்டை மாம்பழ ஜூஸில் கலந்தோம் என்று ஒருத்தி சொன்னாள். இத்தனையையும் ஒரே மூச்சிலா குடிப்பது என்று கத்தினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“மெதுவாக் குடிக்க எங்க சிஸ்டர் நேரம்? ஆறு மணிக்கு மெஸ்ல வளையத்தோட நிக்கணும். அதுக்குள்ள ஏறவும் வேணும், எறங்கவும் வேணும்.”

நான் போனில் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வந்தது. ஓட்டுநர் கிடையாது, தானாகவே ஓடுகிற வண்டி. நோயாளியின் வளையத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும். நான் என் கையிலிருந்ததைக் கழற்றிக் கார்குழலி கையில் மாட்டிக் காட்டினேன். ‘சகாயமேரி, ஊழியர், வயது 53’ என்று வாசித்துக் கதவைத் திறந்தது. கொஞ்ச நேரத்தில் என் வளையம் சிவப்பாக எரிந்தது. எரிந்துவிட்டுப் போகட்டும், என்னை என்ன கல்யாணம் கட்டியா கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வண்டி கிளம்பியது. சைரன் இல்லை. பள்ளிக்கூட வேன் மாதிரி இடதோரமாக, நிதானமாகப் போனது. டவுனுக்குப் போகிற வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அவசரம் என்றால் வண்டியே தகவல் அனுப்பி மேம்பாலத்துப் பாதையைத் திறக்க வைக்கும். இது வரிசையில் ஒரு லாரிக்குப் பின்னால் போய் நின்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுவரிலிருந்த பொத்தானை அமுக்கினேன். கட்டுப்பாட்டு அறை டாக்டர் ஒருவர், குரலை வைத்துப் பார்த்தால் சின்ன வயசுக்காரர், பேசினார்.

“மூணாம் வரிசை, அவசரமில்லாத கேஸ்மா இது. இந்தப் பேஷண்டுக்கு வழக்கமாவே நாடி அம்பத்தி நாலுதான். பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க. இப்ப அம்பத்தி ரெண்டு இருக்கு. குடிச்சிருக்காங்க, அவ்வளவுதான். பயப்படாதீங்க.”

என் மாத்திரை, என் வயது, என் வழக்கமான நாடி. இருபது வயதுப் பெண் செத்துக்கொண்டிருக்கிறாள். வண்டி அவளை, மாத்திரை சாப்பிடுகிற ஒரு கிழவியாக நினைத்துச் சாவகாசமாகக் கொண்டுபோகிறது. அந்தப் பெண்கள் அரை மணி நேரம் யோசித்துச் செய்த தப்பை நான் யோசிக்காமலே செய்திருந்தேன்.

“டாக்டர், இது நான் இல்ல. நான்தான் சகாயமேரி, உங்ககிட்டப் பேசிட்டிருக்கேன். இவ ஸ்டூடண்ட். என் வளையத்த இவ கையில மாட்டிட்டேன். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு விடுறா.”

மாணவியின் அடையாளம் இல்லாமல் வரிசையை மாற்ற முடியாது, அவளுடைய வளையம் எங்கே என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் செண்பகம் தப்பிப்பாள். ரயில் வரும் சத்தம் கேட்டது. கார்குழலியின் நெஞ்சு அடுத்த மூச்சுக்கு எழவே இல்லை. தாடையைத் தூக்கிப் பிடித்து நானே மூச்சுப்பையை அழுத்திக் காற்றைச் செலுத்திக்கொண்டு, வாசிப்பு அறையில் இருக்கிறது, செண்பகவல்லி கையில் இருக்கிறது, கார்குழலி, மூன்றாம் வருடம் என்று எல்லாப் பெயரையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் சைரன் அலறியது. வண்டி திரும்பி மேம்பாலத்தில் ஏறியது.

பிழைத்துக்கொண்டாள். இரண்டு நாள் குழாய் மூலம் மூச்சு விட்டாள். ஒன்பது நிமிடத்தை அந்தக் கேட்டில் வீணாக்கினேன்.

அடுத்த வாரம் டீன் கூப்பிட்டார். மேசைமேல் ஒற்றைக் காகிதம் இருந்தது. அவர் ராத்திரி தூங்கியதாகத் தெரியவில்லை, கண் சிவந்திருந்தது. உட்காருங்க சிஸ்டர் என்றார். காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். பணி நேரத்தில் மது அருந்தியிருந்தேன், உடல்நலம் குன்றியது, வேலையை ராஜினாமா செய்கிறேன் என்று அதில் அச்சடித்திருந்தது.

நான் குடிக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும் என்றேன். தெரியும் என்றார்.

“ஆனா ரெக்கார்டுல என்ன இருக்கு? உங்க வளையம் சிவப்பு. பிள்ளைங்க எட்டுப் பேரும் வாசிப்பு அறையில, பச்சை. கன்ட்ரோல் ரூம்ல நீங்க பேசினது இன்னும் நாலு நாள்ல அழிஞ்சிடும், யாரும் கேட்கப்போறதில்ல. நீங்க ஆரம்பிச்சதத்தான் சிஸ்டர் நான் முடிச்சு வைக்கிறேன். எட்டு பிள்ளைங்களும் படிச்சிட்டுப் போகட்டும்.”

மனுஷர் சொல்வதில் என்ன தப்பு? எட்டுப் பெண்களின் படிப்பு ஒரு பக்கம், ரிட்டயராக ஐந்து வருடமே இருக்கிற என் பெயர் மறு பக்கம். ஒரு விஷயம் மட்டும் கேட்டேன். இனிமேலாவது, ஆபத்தில் கூப்பிடுகிறவர்களைத் தண்டிக்க மாட்டோம் என்று விதியில் ஒரு வரி சேருங்கள் என்றேன். அப்படிச் சேர்க்க வேண்டுமென்றால் ஏன் சேர்த்தோம் என்று காரணம் காட்ட வேண்டும், காட்டுவதற்கு ஒரு கேஸ் வேண்டும், அந்தக் கேஸ்தான் நடக்கவே இல்லையே என்றார். அவர் நக்கலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தத்தோடு சொன்னார்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் செண்பகமும் கார்குழலியும் காத்திருந்தார்கள். செண்பகம் காகிதத்தை ஒரு பார்வை பார்த்தாள். விஷயம் அவர்கள் காதுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். போட்டுருங்க சிஸ்டர், நான் ஒரு சொட்டுக் குடிச்சதில்ல, கையில மாட்டினதத் தவிர ஒண்ணுமே பண்ணல, எங்க வீட்ல நாந்தான் முதல்ல காலேஜ் வந்தவ என்று கெஞ்சினாள். அத்தனையும் சத்தியம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேனாவைத் திறந்தேன்.

கார்குழலிக்குக் குழாய் வைத்த தொண்டை இன்னும் ஆறவில்லை. காற்று மாதிரிதான் குரல் வந்தது.

“நீங்க போட்டுட்டீங்கன்னா, ரெண்டு வாரம் பயந்துட்டு இருப்போம் சிஸ்டர். அப்பறம் மறுபடி அந்த ரூமுக்குத்தான் போவோம். மத்தவங்களப் பத்தித் தெரியாது. என்னப் பத்தி எனக்குத் தெரியும்.”

செண்பகம் அவளைப் பளாரென்று அறைந்துவிடுவாளோ என்று நினைத்தேன். அறையவில்லை. வாய மூடுடி என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கார்குழலி அதற்குப் பதில் சொல்லாமல், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் இன்னும் வளையம் மாட்டாத தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

நான் வெகுநேரம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். எத்தனை ஞாயிறு, எத்தனை தடவை அந்தப் பொத்தானை அமுக்கியிருப்பேன். இந்தக் கையெழுத்தும் இன்னொரு பொத்தான்தான். பிறகு காகிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் நடந்தது நடந்தபடி எழுதினேன். பொத்தானை அமுக்கியது, செண்பகம் நீட்டிய வளையத்தை வாங்காமல் போனது, ரயில்வே கேட், ஒன்பது நிமிடம், எதையும் விடவில்லை. ஒரு பிரதியை டீன் மேசையில் வைத்தேன். இன்னொன்றைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவுக்கு என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கினேன்.

எட்டுப் பேருக்கும் டிசி. எனக்கு டிஸ்மிஸ். விதியில் அந்த ஒரு வரியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஆட்சிக்குழு இரண்டு தடவை கூடிவிட்டது, மூன்றாவது கூட்டம் அடுத்த மாதமாம். செண்பகம் என்னிடம் சொல்லாமலே போய்விட்டாள். என்னை அவள் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை, கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

கார்குழலியைக் கூட்டிப்போக அவள் அம்மா வந்த அன்றைக்குத்தான் நானும் என் சாமான்களை எடுக்கப் போயிருந்தேன். பிரதான வாசலில் அந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டார். பெட்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“நீதானே அந்த நர்ஸம்மா? ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா எம் புள்ள படிச்சிருக்குமே. நாசமாப் போச்சே எல்லாம். நீயெல்லாம் நல்லா இருப்பியா?”

செக்யூரிட்டி ஆட்கள், போகிற வருகிற பிள்ளைகள், எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டிய ஏச்சுத்தான், வரட்டும் என்று நின்றேன். அவர் மூச்சுவிட நிறுத்தியபோது மட்டும் சொன்னேன்.

“திட்டுங்கம்மா. உங்க மக உசிரோட பக்கத்துல இருந்து கேட்டுட்டிருக்கா, பாருங்க.”

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். கார்குழலி கீழே விழுந்த பெட்டியைத் தூக்கப் போய், இரண்டடி நடப்பதற்குள் மூச்சு வாங்கி, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மாள் ஓடிப்போய் அவள் முதுகைத் தடவினார். தடவிக்கொண்டே என்னைத் திட்டினார். பஸ் வருகிற வரைக்கும் இரண்டையும் நிறுத்தவில்லை.